மூன்று பல்லிகளுக்கு ஒரு கண்ணாடி வீடு

முனிவேல் வீட்டில் பல்லிக்கு ஓட்டுரிமை உண்டு. பாகலூரில் இது எல்லோருக்கும் தெரியும். போர்வெல் போட இடம் பார்த்ததிலிருந்து மூத்த மகனுக்குப் பெண் எடுத்ததுவரை, சுவரிலிருந்து 'ட்சு ட்சு' என்று ஒரு குரல் வராமல் அவர் எதையும் முடித்ததில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பேரிகைக்குப் பஸ் ஏறக் கிளம்பியவர், தென்மேற்கு மூலையில் பல்லி சொல்லிவிட்டது என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தப் பஸ் பாதிவழியில் பஞ்சர் ஆனது. வெறும் பஞ்சர்தான். ஆனால் அவர் சொல்லிக் கேட்கிறவர்கள் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்ததாகவே நினைத்துக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தவள், பீரோ கட்டிலோடு மூன்று பல்லிகளையும் கொண்டுவந்து இறக்கினால் எப்படி இருக்கும்? மாமியார் சரோஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்த மருமகள் ராஜலட்சுமி இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. முனிவேலுக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. சாமியே சீர்வரிசையில் வந்துவிட்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்ரியா ஓசூர் சிப்காட்டில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறாள். பெங்களூருவில் சிறுத்தைப் பல்லி வளர்க்கும் ஒருவரிடம் முதலில் ஒன்றை வாங்கினாள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கட்டைவிரல் தடிமனில் வால். அதற்கு லட்டு என்று பெயர். கூட வேலை செய்த யுவஸ்ரீ ஊரோடு போனபோது தன்னுடைய இரண்டையும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஆரஞ்சு நிறத்தில் பெரியதாக இருந்தது ஜாங்கிரி. உடம்பெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளியோடு இருந்தது மிக்சர். மூன்றும் ஆண்.

முனிவேலுக்கு அவற்றிடம் ஒரே ஒரு குறைதான். மூன்றும் வாயைத் திறப்பதில்லை.

"ஏம்மா, இதுங்க சொல்லாதா?" என்று முதல் வாரமே கேட்டார்.

"இந்த வகை அவ்வளவா கத்தாது மாமா."

"ஊமைப் பல்லியா? பரவால்ல. பெருசா எதுனா சொல்றதுக்குத்தான் அடக்கிக்கினு இருக்குது. என்னைக்காவது சொல்லும் பாரு."

இன்னொரு நாள் வேறொன்று கேட்டார். சுப்ரியாவின் அறையில் இரும்பு ராக்கின் மூன்று தட்டுகளில் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள் இருந்தன. சூட்டுக்கோலால் ஓட்டை போட்டு, அடியில் சூடு தரும் பாயை விரித்து, ஒன்று மற்றொன்றின் கண்ணில் படாதபடி நடுவில் அட்டை செருகியிருந்தாள். "மூணும் ஒரே ஜாடையா இருக்குது. எதுக்கும்மா தனித்தனியா ஜெயில்ல போட்டாப்புல வச்சுக்கீற?"

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆண் பல்லிக்கு ஆண் பல்லி ஆகாது மாமா, ஒரே பெட்டியில் விட்டால் ஒன்றை ஒன்று கடித்துக் குதறிவிடும் என்று ஒரு வரி. ஆனால் அவள் கல்யாணம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண். இரண்டு மகன்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை ஊருக்கே சொல்லிப் பெருமைப்படுகிற மனிதர் எதிரில் நிற்கிறார். இரண்டு ஆண்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்ற வார்த்தை அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து எப்படி வரும்? "அதுங்களுக்கு அப்படித்தான் பழக்கம் மாமா" என்று மழுப்பிவிட்டாள். ஒன்றரை வருஷம் அந்த மழுப்பல் நன்றாகவே ஓடியது.

அது வந்து கழுத்தைப் பிடித்தது இந்தச் சனிக்கிழமைதான்.

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டே கால் மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். ராஜலட்சுமி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஹாலில் டிவி ஸ்டாண்டின் மேல், டிவியை நகர்த்திவிட்டு, நான்கு அடி நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஆற்று மணல், இரண்டு செங்கல், ஒரு துளசிச் செடி, கவிழ்த்து வைத்த உடைந்த பூந்தொட்டி ஒன்று. சுற்றிலும் சீரியல் பல்பு. பூந்தொட்டிக்கு முன்னால் ஜாங்கிரி. செங்கல் ஓரம் மிக்சர். பூந்தொட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது லட்டுவின் மூக்கு.

'மாமா உனக்கு சர்ப்ரைஸ். ஆள் வச்சு செஞ்சிருக்காரு' என்று கீழே எழுதியிருந்தது.

சுப்ரியா உடனே கணவன் ஹரீஷ்குமாருக்குப் போன் போட்டாள். இரண்டு முறை அடித்து நின்று, மூன்றாவது முறை எடுத்தான்.

"ஹரீஷ், அதுங்கள உடனே வெளிய எடு. தனித்தனியா வை. டப்பா எங்க?"

"டப்பாவ அப்பா மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் வீசிட்டாரு. இரு, வெளிய வரேன்..." காலடிச் சத்தம் கேட்டது. குரல் தணிந்தது. "மாரிமுத்து மாமா கிருஷ்ணகிரியிலருந்து வந்துட்டாரு. எல்லாரும் ஹால்லதான் உக்காந்துக்கினு இருக்காங்க. இப்பப் போய் எப்பிடி எடுக்கிறது?"

"கடிச்சிடும். லட்டு செத்துடும்."

"இன்னைக்கு என்ன பேசப் போறோம்னு உனக்கே தெரியும். இந்த நேரத்துல ரெண்டு ஆம்பள ஒரு எடத்துல இருக்க முடியாதுன்னு நான் எந்திரிச்சு சொன்னா, அப்பா அத பல்லியப் பத்தின பேச்சுன்னா நெனப்பாரு? நீ வந்துடு. எதுனா பண்ணிக்கலாம்."

போனை வைத்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இன்றைய பேச்சுக்கு அவர்கள் மூன்று வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால், இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஹரீஷ், எட்டு மணிக்கு அவர்கள் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸின் பக்கத் திரைகளைத் தூக்கிவிட வேண்டியவன், கண் அசந்து தூங்கிவிட்டான். உள்ளே வெப்பம் ஏறி இரண்டு வரிசை ரோஜா மொட்டு கருகிப் போனது. அண்ணன் வெங்கட் கத்திக்கொண்டே வந்து, கையில் இருந்த பூ வெட்டும் கத்தரியை வீசினான். ஹரீஷின் இடது முன்கையில் ஏழு தையல். அப்பாவிடம் கம்பெனியில் தகடு கிழித்துவிட்டது என்று சொன்னான். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. முனிவேல் அதைக் கவனிக்கவில்லை. வரிசை கலையாமல் இருக்கிறதே, அவருக்கு அது போதும்.

இன்னொரு முறை கத்தரி எங்கே படும் என்று நினைத்தாலே சுப்ரியாவுக்குத் தூக்கம் வருவதில்லை. மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். ஹரீஷ் தன் தாய்மாமன் மாரிமுத்துவை வரவழைத்திருந்தான். பேச்சை அவர் எடுப்பார், ஹரீஷ் முடிப்பான், சுப்ரியா வாயைத் திறக்கவே கூடாது. இதுதான் ஏற்பாடு. "வீட்டைப் பிரிச்சவள்னு பேரு வாங்கிடாதடி, அது சாகிற வரைக்கும் போகாது" என்று அவளுடைய அம்மா போனில் நாலு தரம் சொல்லியிருந்தாள்.

ஹட்கோ சிக்னலில் பஸ் நின்றது. முன்னால் கண்டெய்னர் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. சுப்ரியா போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒளிய ஒரே ஒரு பூந்தொட்டி. அதற்குள் லட்டு. வாசலில் ஜாங்கிரி. பெங்களூருக்காரர் வீட்டில் இப்படித்தான் ஒருமுறை தடுப்பு சரிந்து இரண்டு ஆண்கள் ஒன்றாகிவிட்டன. காலையில் பார்த்தபோது ஒன்றுதான் உயிரோடு இருந்தது என்று சொல்லியிருந்தார். டிரைவரின் முதுகையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறைத்தால் லாரி நகருமா என்ன.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. ஹால் நிறைய ஆட்கள் இருப்பதுபோல் இருந்தது, எண்ணினால் ஐந்து பேர்தான். நாற்காலியில் முனிவேல். சோபாவில் மாரிமுத்து, கையில் போண்டா. சமையலறை வாசலில் சரோஜம்மாள். தரையில் பாயில் ஹரீஷ். தம்பியிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், வெளிக்கதவில் சாய்ந்தபடி வெங்கட், கால்சட்டையில் பாலிஹவுஸ் மண்ணோடு.

"வாம்மா!" முனிவேல் எழுந்தே விட்டார். "தொ பாரு. எப்பிடி இருக்குது? கண்ணாடிக் கடைக்காரன் மாசக்கணக்கா இழுத்தடிச்சான். நானே போய் நின்னு வாங்கியாந்தேன். இனிமே டப்பா கிப்பா வேணாம். மூணும் ஒரே வூட்டுல ராசா மாதிரி இருக்கட்டும்."

சுப்ரியா அந்த முகத்தைப் பார்த்தாள். அவளுடைய சொந்த அப்பாகூட அவளுடைய பல்லிகளுக்கு ஒரு மூடி வாங்கித் தந்ததில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றாள். அது உண்மை. பார்வை மட்டும் ஜாங்கிரியை விட்டு நகரவில்லை.

ஜாங்கிரி நான்கு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கி நின்றது. வால் மேலே எழும்பி, இடமும் வலமுமாக மெல்ல, மிக மெல்ல ஆடியது.

"பாரு பாரு, நாய்க்குட்டியாட்டம் வாலை ஆட்டுது!" என்றார் மாரிமுத்து. "கூட்டாளி கெடைச்ச சந்தோசம்."

எல்லோரும் சிரித்தார்கள். அது சந்தோஷம் இல்லை, பாய்வதற்கு முந்தின எச்சரிக்கை என்று அந்த ஹாலில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கம்பெனியில் ஒரு போர்டைப் பார்த்து ஓகேவா, ரிஜெக்டா என்று சொல்ல அவளுக்கு ஆறு விநாடி போதும். இங்கே வாய் ஒட்டிக்கொண்டது.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என் ரூம்லயே பழைய டப்பாவுல வச்சுக்கட்டுமா? புது இடம்னா அதுங்களுக்குக் கொஞ்சம் பயமா இருக்கும்."

"பழகிக்கும் பழகிக்கும். நீ கூடத்தான் புது எடம்னு வந்த. பழகிக்கல?" முனிவேல் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "உக்காரும்மா. உங்க மாமன் என்னமோ பேசணுங்கிறான்."

இருட்டாக்கினால் அடங்கும் என்று ஒரு யோசனை வந்தது. தோளில் இருந்த துப்பட்டாவை எடுத்துத் தொட்டியின் மேல் போர்த்தினாள். சீரியல் பல்பு துணிக்குள்ளிருந்து மினுமினுத்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, தண்ணீர்ச் சொம்போடு வந்த சரோஜம்மாள் துப்பட்டாவை உருவி அவள் மடியில் போட்டாள். "மனுசன் ஆசையா வச்சிருக்கிறத மூடி வைக்கிறியே. நல்லாவா இருக்குது?"

சொம்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். சுப்ரியா பாயின் ஓரத்தில், தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

மாரிமுத்து தொண்டையைச் செருமினார். "மச்சான், சின்னவன் ஒரு யோசன வச்சிருக்கான். ராத்திரி ஷிப்ட்டு, பகல் ஷிப்ட்டுன்னு மாத்தி மாத்தி ஓடுறான். ரெண்டு பேரும் ரெண்டு கம்பெனி. ஓசூரு பக்கமே ஒரு வூடு பாத்துக்கினா அலைச்சல் கொறயும்னு..."

முனிவேல் ஹரீஷைப் பார்த்தார். ஹரீஷ் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

தொட்டிக்குள் ஜாங்கிரி ஓர் அடி முன்னால் வைத்தது. லட்டுவின் மூக்கு உள்ளே போனது. மிக்சர் கண்ணாடி மூலையில் ஒட்டிக்கொண்டு, ஏறத் தெரியாத சுவரில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறப் பார்த்தது.

"அலைச்சல்தானேடா?" என்றார் முனிவேல் கடைசியில். "அதுக்கு வூட்ட வுட்டுப் போறதா? மேல மாடி எடுத்துடறேன். உனக்குத் தனி ரூமு, தனி பாத்ரூமு. சமையல் மட்டும் ஒண்ணா இருக்கட்டும். நானும் எங்கண்ணனும் வேற வேற ஆயிட்டு, அவன் சாவுக்கு நான் மூணாவது மனுசனாட்டம் போய் நின்னேன். அது என்னோட போவட்டும். நான் கண்ண மூடற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே கூரையில இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அதிகாரமாகச் சொல்லியிருந்தால் ஹரீஷ் எதிர்த்திருப்பான். இது கெஞ்சல். ஹரீஷின் தலை இன்னும் குனிந்தது. போச்சு, என்று சுப்ரியா நினைத்தாள். அவளுக்குக் கணவனைப் பார்ப்பதா, தொட்டியைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. எழுந்து போய் மூடியைத் திறந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், மாமனாரின் இந்தக் கெஞ்சலுக்குப் பதிலாக, இரண்டு ஆண்கள் ஒரே இடத்தில் ஆகாது என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரும். அம்மா சொன்ன பெயர் அவளுக்கு ஒட்டிவிடும். இன்னும் ஐந்து நிமிஷம், பேச்சு முடியட்டும், லட்டு, ஐந்தே நிமிஷம் தாங்கிக்கொள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலுக்காகவே தன்மேல் அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"என்னடா சொல்ற?" என்றார் முனிவேல்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு இழுபட்டதுபோல் ஒரு கிறீச். உடனே இன்னொன்று, அதைவிட நீளமாக.

முனிவேல் துள்ளி எழுந்தார். இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன.

"சொல்லிடுச்சு! கேட்டியா மாரிமுத்து? ஒன்றர வருசமா வாயத் தொறக்காதது, நான் கேட்ட நொடியில சொல்லிடுச்சு! அதுவும் ஈசானி மூலையில!" அவர் கண் கலங்கிவிட்டது. "அடே, இதுக்கு மேல என்னடா வேணும்?"

சரோஜம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரிமுத்துவும் போண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். ஹரீஷ் வலது கையால் இடது கைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா" என்றான்.

சுப்ரியா எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மூடியை நகர்த்தி இரண்டு கையையும் உள்ளே விட்டாள். பூந்தொட்டி உருண்டு கிடந்தது. ஜாங்கிரி லட்டுவின் கழுத்தோரத்தைக் கவ்விக்கொண்டு உலுக்கிக்கொண்டிருந்தது. லட்டு வாயைப் பிளந்து கத்தியது. மூன்றாவது தடவை சொல்லிற்று என்று பின்னால் முனிவேல் எண்ணிச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

பிடித்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும். சொம்பில் கையை முக்கி, ஜாங்கிரியின் மூக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். விடவில்லை. சொம்பையே எடுத்துச் சாய்த்தாள். மணல் நனைந்து, சீரியல் பல்பு அணைந்து, கடைசியில் அது வாயைத் திறந்தது. லட்டுவை அள்ளித் தூக்கியபோது கையில் பாதி உடம்புதான் வந்தது. வால் தனியாக மணலில் விழுந்து, துடித்துத் துடித்துச் செங்கலில் மோதியது.

இப்போது எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த ராஜலட்சுமி வாலைப் பார்த்துவிட்டு "ஐயோ" என்றாள்.

"மாமா" என்றாள் சுப்ரியா. "அது சகுனம் சொல்லல. வலி தாங்காம கத்துச்சு."

முனிவேலின் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன.

"அன்னைக்கு ஏன் தனித்தனியா வச்சிருக்கன்னு கேட்டீங்க. நான் பொய் சொன்னேன். ரெண்டு ஆண் பல்லிய ஒரே பெட்டியில விட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சே கொன்னுடும். எவ்வளவு பெரிய பெட்டியா இருந்தாலும் கொன்னுடும். இத இந்த வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல மாமா. அதான் சொல்லல. சொல்லாம இருந்தது என் தப்பு."

"இப்ப மட்டும் எப்பிடிச் சொல்லத் தெரிஞ்சுது?" என்றாள் சரோஜம்மாள். "நல்ல நேரம் பாத்துத்தான் சொல்ற."

அவள் எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. உள்ளங்கையில் லட்டுவின் நெஞ்சு படபடவென்று அடித்தது. கழுத்தில் ஊசி குத்தினதுபோல் வரிசையாகப் பல் தடம், ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாக ரத்தம். சரோஜம்மாள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அம்மா, சும்மா இரு."

சொன்னது வெங்கட். கதவை விட்டு எப்போது நகர்ந்து வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. தொட்டியின் மேல் குனிந்து நின்றான். உள்ளே வால் இன்னும் அடங்கவில்லை.

"அப்பா" என்றான் வாலையே பார்த்தபடி. "ஹரீசுக்குக் கையில பட்டது கம்பெனியில இல்ல. நான்தான் கத்தரியத் தூக்கி வீசினேன். பூ போச்சேன்னு கோவத்துல. மூஞ்சிக்குத்தான் வீசினேன். அவன் கைய வச்சுத் தடுத்தான்."

மாரிமுத்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

மூஞ்சிக்கு என்பது சுப்ரியாவுக்கே தெரியாது. ஹரீஷ் அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

முனிவேல் ஹரீஷிடம் வந்து, அவனுடைய இடது சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினார். மடித்து மடித்து மேலே ஏற்றினார். முன்கையில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. விரலால் தையல் தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு சட்டையை இறக்கிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

சரோஜம்மாள் மூத்தவனைப் பார்த்து அழ ஆரம்பித்தாள், பிறகு இளையவனைப் பார்த்து அழுதாள். சுப்ரியா ஜாங்கிரியைத் தூக்கி ராஜலட்சுமி கொண்டுவந்த குண்டானில் விட்டு மூடினாள். லட்டுவின் கழுத்தைச் சுத்தமான தண்ணீரால் துடைத்தாள். காயம் ஆழம் இல்லை. பிழைத்துக்கொள்ளும். வால்கூட ஒருவிதமாக வளர்ந்துவிடும். ஆனால் மாமனார் போனவர் திரும்பவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. அவருக்குச் சர்க்கரை வேறு. மத்தியானம் சாப்பிட்டாரோ என்னவோ. போய்ப் பாரு என்று ஹரீஷிடம் கண்ணால் சொன்னாள். அதற்குள் கொல்லையில் குழாய்ச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

முனிவேல் உள்ளே வந்தார். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. கையில் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள், சாணி போகத் தேய்த்துக் கழுவி.

"எது எதுல இருந்துச்சும்மா?"

சுப்ரியா காட்டினாள். அவரே தோளில் இருந்த துண்டால் ஒவ்வொன்றையும் துடைத்து அவளிடம் நீட்டினார். மூன்றும் உள்ளே போன பிறகு, காலியான கண்ணாடித் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நடுவுல தடுப்புக் கண்ணாடி போட்டா ஆவுமா? மேல கீழன்னு ரெண்டு தட்டா?"

ஆகும் என்று சொன்னால் எல்லோரும் மூச்சு விடுவார்கள். மாடி எழும்பும். சரோஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சுப்ரியாவுக்கு அது தெரிந்தது. அன்றைக்கு மழுப்பியதுபோல் இன்னும் ஒரே ஒரு மழுப்பல்.

"ஆகாது மாமா. கண்ணாடி வழியா ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கும். பயத்துலயே சாப்பிடாம கெடக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு இளைய மகனிடம் கேட்டார்: "வூடு எங்க பாத்துக்கீற?"

"மூக்கண்டப்பள்ளிப்பா."

"பஸ்ஸு இருக்குதா?"

"இருக்குதுப்பா. இல்லன்னா வண்டியில அர மணி நேரம்."

"ஞாயித்துக்கிழம சோறு இங்கதான்." குரல் உடைந்தது, அதை இருமல்போல் ஆக்கிக்கொண்டார். "வெங்கட்டு, தம்பிய வுட்டுட்டு வர்றது நீதான். சாமான நீதான் ஏத்தணும். நீதான் எறக்கணும்."

வெங்கட் தலையைக் குனிந்துகொண்டு "சரிப்பா" என்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தான். ஹரீஷ் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சுப்ரியா டப்பாக்களைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். பின்னாலேயே முனிவேலும் வந்தார். ராக்கின் தட்டுகளைப் பார்த்தார். நடுவில் இருந்த அட்டைகளைக் காணோம், டப்பாக்களோடு சேர்த்து அவரேதான் எறிந்திருந்தார். புதுத் தொட்டி வந்த அட்டைப்பெட்டி வராந்தாவில் கிடந்தது. அதை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து, கத்தியால் வெட்ட ஆரம்பித்தார்.

"எவ்வளவு அகலம் வேணும்?"

"ஒரு முழம் போதும் மாமா."

ஹாலில் டியூப்லைட் பக்கமிருந்து, வீட்டுச் சுவர்ப் பல்லி ஒன்று 'ட்சு ட்சு ட்சு' என்றது. பழக்கதோஷத்தில் ஹாலில் பேச்சு சட்டென்று நின்றது. சரோஜம்மாள் அறை வாசலுக்கே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எந்த மூலை, என்ன பலன் என்று சொல்லுவார் என்று காத்திருந்தாள். முனிவேல் நிமிரவில்லை. அட்டையைத் தட்டோடு வைத்து அளந்து பார்த்தார், ஒரு விரற்கடை குறைந்தது, இன்னொன்று வெட்ட எடுத்தார்.